கடலுக்கு அரை மணித்தியாலம்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில்
தண்டவாளம், அதற்கப்பால் கற்கள், அதற்கப்பால் கடல்.
மூன்றாம் மாடியில் துவாய் ஒருநாளும் முழுதாய்க் காய்வதில்லை.
பயணப் பெட்டி பாதி பிரித்தபடி கிடக்கிறது.
அம்மா கட்டில் விளிம்பில் இருந்து
ஒவ்வொன்றாய் வாங்கி மணந்து பார்க்கிறா.

சவர்க்காரம், நல்லது.
சீஸ், மூக்கைச் சுளித்தா.
ஒலிவ்காய்ப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து
"உப்பு நெல்லிக்காய்தானே, இதுக்கோ இவ்வளவு காசு?"

பிறகுதான் கேட்டா, ஊர் எப்படி என்று.

ஊரின் பெயரே எனக்கு வாயில் வரவில்லை.
கடைசி எழுத்துகளை அங்கே எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள்.
பதின்மூன்று நாளும் பஸ் சாரதிக்குக்
கடதாசியில் எழுதித்தான் காட்டினேன்.

புதன்கிழமை சந்தை.
புறக்கோட்டைக்குப் போகிற மாதிரி
கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.
ஒருவரும் இடிக்கவில்லை, ஒருவரும் கூவவில்லை.
பட்டை உரிந்த பெரிய மரங்களின் கீழே
சின்னக் கரும்பலகைகளில் வெண்கட்டியால் விலை.
ஒரு தக்காளியை எடுத்து அமத்திப் பார்த்தேன்.
கடைக்காரி என் கையிலிருந்து மெல்ல வாங்கி
இருந்த இடத்திலேயே வைத்தாள்,
சிரித்துக்கொண்டுதான்.
பன்னிரண்டரைக்கு எல்லாம் மடித்தாயிற்று.
ஒரு லொறி வந்து தெருவைக் கழுவிவிட்டுப் போனது.
மிஞ்சியது நானும் ஒரு மண்ணிற நாயும்
மணிக்கூட்டுக் கோபுரமும்.

அந்த மணி
ஒவ்வொரு மணித்தியாலத்தையும் இரண்டு தரம் அடிக்கும்.
முதல்தரம் எண்ணத் தவறியவர்களுக்காக, என்றான் தம்பி.
இந்த ஊரில் எண்ணுவதை விட்டால் வேறென்ன வேலை என்றேன்.
சிவநேசன் சிரிக்கவில்லை.

அவனுக்கு ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் வேலை.
காலையில் கடலிலிருந்து சிப்பி வரும், ஐஸ் பெட்டிகளில்.
தாடி பிடுங்கி, உரஞ்சி, வாய் திறந்து செத்தவற்றை
ஒரு பக்கம் ஒதுக்குவான்.
ஒன்பது வருஷம்.
விரல் நுனிகளில் ரேகை அழிந்துபோயிற்று.

பஸ் தரிப்பிடத்தில் அலை கீறிய ஒரு பலகை, ஓர் அம்புக்குறி.
அரை மணித்தியாலம்தான்.
போவோமா என்றேன்.
ஞாயிறு பஸ் குறைவு என்றான்.
அடுத்த ஞாயிறு கால் உளைவு என்றான்.
நான் வெளிக்கிடுவதற்கு முதல்நாள் இரவு
குசினியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
தேங்காய்ப் பால் பிழிந்தபடி சொன்னான்:
"அக்கா, அந்தக் கடல் நான் பார்த்தனான்.
நாலு நாள், வேற ஒண்டும் பார்க்கேல்லை."
வள்ளத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொன்னான்.
இறங்கினது எத்தனை பேரென்று சொல்லவில்லை.
கேட்க வாயெடுத்தேன்.
வெளியே மணி பதினொன்று அடித்து
ஓய்ந்து
திரும்பப் பதினொன்று அடித்தது.
அது முடிந்தபோது அவன் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்குத் தெரிந்தது பிளேன் மட்டும்.
அவன் ஏறின பிளேனுக்கு
இங்கே சாமியறையில் இன்னும் விளக்கு எரிகிறது.

"கடல் கிட்டவோ?" என்று கேட்கிறா.
"சின்னனில பள்ளிக்கூடம் விட்டதும்
சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஓடுவானே."

கிட்டத்தான் என்றேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் போறவன் என்றேன்.
தண்ணி எங்கட மாதிரி இல்லை அம்மா,
அலையே இல்லை, குளம் மாதிரிக் கிடக்கும்.
எங்கிருந்து வந்ததோ, இன்னும் சொன்னேன்,
குடை, நண்டு, ஒரு சிவப்புத் துவாய்.

அம்மா இரண்டாவது ஒலிவ்காயை வாயில் போட்டா.
பழகினால் பரவாயில்லையாம்.
கொட்டையைக் கையில் துப்பி
வைக்க இடம் தேடி
என்னிடம் நீட்டினா.

ஆறு மணி ரயில் போகக் கட்டிடம் அதிர்ந்தது,
போத்தலுக்குள் காய்கள் ஒன்றை ஒன்று முட்டின.
காலி வீதிப் பக்கமிருந்து வேதக்கோயில் மணி.
எண்ணினேன்.
"யன்னலைச் சாத்து பிள்ளை, உப்புக்காத்து."

சாத்தவில்லை.
கொட்டை உள்ளங்கையில் ஈரமாய் இருக்க
இன்னொருதரம் அடிக்கும் என்று நின்றேன்.