நாற்பத்தொன்றாம் பெட்டி

செந்தெஷ் நகரின் குடைமிளகாய்க் கண்ணாடிக் கூடங்களுக்குப் பின்னால்
வெந்நீர்க் குழாய் முனகும் ஓர் அறையில்
பொறிவண்டுகளுக்குப் படியளக்கிறேன்.
படியளப்பது பெரிய சொல்தான்.
தூரிகை நுனியில் நாலு அசுவினி,
அவரைத் தளிர் ஒன்று,
மூடியில் ஒரு துளி ஈரம்.

முதல் வரிசைக்குப் பட்டாணி அசுவினி.
பச்சையாக, கொழுகொழுவென்று, அன்றைக்குப் பிறந்தவை.
அதைத் தின்ற புழுக்கள் பத்துப் பன்னிரண்டு நாளில்
மூன்று சட்டை உரித்துவிட்டு
மூடியில் தலைகீழாய் ஒட்டிக்கொள்கின்றன.

இரண்டாம் வரிசைக்கு மாவந்துப்பூச்சியின் உறைந்த முட்டை.
ஓடாத இரை. துரத்தும் வேலையில்லை.

மூன்றாம் வரிசையில் வளர்ந்த வண்டுகள்;
மகரந்தமும் தேன்தண்ணீரும் மட்டும்.
உயிரோடிருக்கின்றன. நடக்கின்றன. இணைசேரவும் செய்கின்றன.
முட்டை வருவதில்லை.
வயிற்றுக்குக் கணக்குத் தெரியும்;
அது கடன் வாங்கிப் பிள்ளை பெறாது.

போன வருஷம் ஜோம்போர் தன் தோட்டத்திலிருந்து
முட்டைக்கோஸ் அசுவினியை வாளி வாளியாய்க் கொண்டுவந்தார்.
காசு வேண்டாம், தின்னட்டும் என்றார்.
புழுக்கள் தின்றன.
மறுநாள் காலை
சாம்பல் நிறக் கூட்டம் பாதி மிச்சமிருந்தது,
தின்றவை இல்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை.
என் முறை. நான் போகவில்லை.
காரணம் எழுதும் கட்டம் படிவத்தில் இல்லை,
இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.
திங்கள் காலை நாற்பத்தொன்றாம் பெட்டியில்
பதினாறுக்கு மூன்று.
மற்ற பதின்மூன்றும் எங்கே என்று
மூன்றின் வாயைக் கேட்க வேண்டும்.

இரண்டு கூடு கட்டாமலே சுருண்டன.
ஒன்று வண்டானது:
பார்லி மணியில் பாதி.
கூட்டைவிட்டு வந்த பின் வண்டு வளர்வதில்லை.
புழுவாய் இருந்தபோது கிடைத்ததும் கிடைக்காததும்தான்
அந்தச் சிவப்பு ஓட்டின் அளவு.
நான் போகாத ஒரு நாளை
அவள் முதுகில் சுமந்து திரிந்தாள்,
இரண்டு கறுப்புப் புள்ளிகளுக்கும் இடம் போதாமல்.

சோதனைக்கு ஆகாது, உறைபெட்டியில் போடு, என்றார் வெந்தெல்.
சரி என்றேன்.
என் பெயர் பிரோஷ்கா. எங்கள் மொழியில் அதில் சிவப்பு இருக்கிறது.
அதற்காக இல்லை.
அதற்காகவும் இருக்கலாம்.

பன்னிரண்டு நாள், வேலை முடிந்த பிறகு,
முதல் வரிசையின் பங்கிலிருந்து கிள்ளிக் கிள்ளி
அவளுக்குப் போட்டேன்.
சில இரவு தன்னைவிடப் பெரிய அசுவினியின் காலைப் பிடித்துக்கொண்டு
தரதரவென்று இழுபட்டாள்.
விடவில்லை.
எட்டாம் நாள் ஓர் ஆணை உள்ளே விட்டேன்.

காகிதத் துண்டில் ஏழு.
மஞ்சளாய், நிமிர்த்தி நட்ட அரிசிபோல.
கொழுத்த வண்டுகள் ஒரே நாளில் இருபது இடும்;
இவளுடையது ஏழு.
ஆனால் ஒரு முட்டை மற்ற முட்டைகளைவிடச் சிறியதில்லை.
உருப்பெருக்கியில் வைத்து இரண்டு முறை அளந்தேன்.

நாலாம் நாள் ஐந்து பொரிந்தன.
பொரியாத இரண்டின் மேல்
ஐந்தும் ஏறி உட்கார்ந்திருந்தன,
கறுப்பாய், நூல் கால்களோடு,
முதல் சாப்பாட்டில் தலை நிமிராமல்.

ஏட்டைத் திறந்தேன்.
இட்டவை: ஏழு.
பொரிந்தவை: ஐந்து.
உணவு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
வெளியே மிளகாய் லாரி பின்னோக்கி வரும் சத்தம்.
'கூடப் பிறந்தவை' என்று எழுதினேன்,
அடித்தேன்,
'முட்டை, இரண்டு' என்று எழுதிவிட்டு
அசுவினி எடுக்கப் போனேன்.