முந்நூற்று நாற்பது கிராம்

இவ்வளவு உயரத்தில் முலாம்பழம் எதற்கு
என்றான் கல்ஃபான்.
ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன்.
நியாயமான கேள்விதான்.
மலையடிவாரத்தில், பிர்கத் அல் மௌஸில்,
வண்டியிலேயே குவித்து விற்கிறார்கள்.
வளைவுகளில் இறங்கிப்போனால் வாங்கிவந்துவிடலாம்.
"இங்கே மாதுளை வரும், ரோஜா வரும்,
அக்ரூட் வரும். இது வராது, சிஸ்டர்."

எனக்கும் காரணம் தெரியாது.
ஊர் ஞாபகம் என்று சொல்ல முடியாது;
மார்த்தாண்டத்தில் நாங்கள்
கடையில் வாங்கித் தின்றவர்கள்.
வராது என்றான்,
அவ்வளவுதான்.

பிப்ரவரிக் கடைசியில் ஐந்து விதை,
ஈரக் காஸில் சுற்றி ஸ்டெரிலைசர் மேல் வைத்தேன்.
முளைத்தது மூன்று.
நட்ட நாலாம் இரவு காற்று திரும்பியது.
காலையில் மூன்றும் தண்டு கறுத்து
தையல் நூலாய்க் கிடந்தன.
பதினேழு வருட நர்ஸ். எத்தனையோ பார்த்தாயிற்று.
இருந்தும் அன்று
நோயாளிகள் வரிசையைப் பத்து நிமிடம்
தாமதமாகத்தான் திறந்தேன்.

ஏப்ரலில் மறுபடி.
இந்தமுறை ஜெனரேட்டர் அறையின் தெற்குச் சுவர்,
பகலெல்லாம் வெயில் குடிக்கிற சுவர்.
அடியில் கறுப்பு வண்ணம் பூசிய
ஆறு தண்ணீர் கேன்கள்.
பகலில் வாங்கிய சூட்டை
இரவில் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பிக் கொடுத்தன.
கடன் வாங்கியவர்களில்
இப்படி யாரையும் நான் கண்டதில்லை.

குளிரையாவது போர்த்தித் தடுக்கலாம்.
வறட்சியை?
ஈரம் எங்கிருந்தாலும் இந்தக் காற்று எடுத்துக்கொள்ளும்,
உதட்டில், கண்ணில், கொடித் துணியில்.
காலையில் நனைத்த மண் பத்து மணிக்குத் தூசி.
அதனால் காலாவதியான டிரிப் செட்,
தலைகீழாய்த் தொங்கும் சலைன் பாட்டில்,
அதில் ஃபலஜ் வாய்க்கால் தண்ணீர்.
நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொட்டு.
குழந்தைகளுக்கு வைக்கிற வேகம்.

இரவுப் பணியில் ஒரு மணிக்கு வெளியே போய்
மண்ணில் தெர்மாமீட்டரைச் செருகுவேன்.
காய்ச்சல் பார்க்கிற கருவி அது.
உடம்புச் சூட்டுக்குக் கீழே உள்ள உலகமெல்லாம்
அதற்கு ஒன்றுதான்:
லோ.
ஒவ்வோர் இரவும் லோ.
ஒவ்வோர் இரவும் ஒரு கம்பளி.

ஜூனில் பூத்தது.
பதினோரு நாள் ஆண் பூ, ஆண் பூ மட்டும்.
"லேபர் கேம்ப் மாதிரி இருக்கே"
என்றாள் லேப் ரோவெனா.
பிறகு ஒன்று,
அடியில் மொச்சை அளவு உருண்டையோடு.
தேனீக்கள் எல்லாம் பக்கத்துத் தோட்டங்களில்.
பஞ்சுக்குச்சியால் நானே மகரந்தம் தொட்டு வைத்தேன்,
தொண்டையில் சாம்பிள் எடுப்பதுபோல,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஜூலை மதியம் ஆலங்கட்டி.
ஊசி குத்திய கையில் பஞ்சை வைத்து,
அழுத்திப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.
ஸ்டீல் பேசினைக் கவிழ்த்தேன்.
அதன் மேல் பனிக்கல் அடித்த சத்தம்
எக்ஸ்ரே அறைவரை கேட்டதாம்.
இலைகள் கந்தல். காய் தப்பியது.
கல்ஃபான் அன்றுதான் முதன்முதலாய்
குந்தி உட்கார்ந்து பார்த்தான்.
பேசவில்லை.
மறுநாள் சுவரோரம் ஒரு சாக்கு ஆட்டெரு.

ஆகஸ்ட் இருபத்தொன்று.
காம்பு தானே விட்டுக்கொடுத்தது.
குழந்தைத் தராசில் துணி விரித்துக் கிடத்தினேன்.
முந்நூற்று நாற்பது கிராம்.
"குறைப்பிரசவம்" என்றாள் ரோவெனா.
"ஆணா பெண்ணா" என்றான் கல்ஃபான்.

ஐந்தாக வெட்டினோம்.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
தோலோரம் வெள்ளரிக்காய்தான்.
விதையை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்கு,
இனிப்பு.
அந்த ஒரு விரலை வாயில் வைத்துக்கொண்டு
கல்ஃபான் சன்னலுக்கு வெளியே பார்த்தான்.
"கீழே விற்கிறார்களே, அதுபோல இல்லை."
குறையா, பாராட்டா?
எனக்குத் தெரிந்த அரபியில்
அதைப் பிரித்தறிய முடியவில்லை.
தன் பங்கு விதைகளை டிஷ்யூவில் மடித்து
சட்டைப் பைக்குள் வைத்தான்,
நான் பார்க்கவில்லை என்ற நினைப்பில்.
ஏழு.

தராசை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.
மூன்று மணிக்கு
தடுப்பூசிக்கு ஒரு பிள்ளை வரவேண்டியிருந்தது.