என் பேர்

போர்ட் லூயிஸில் அந்த அஞ்சல்தலைக்கு
மணிக்குப் பத்து நிமிடம்தான் வெளிச்சம்.
மிச்ச நேரமெல்லாம்
விளக்கணைத்துத் தூங்கப் போட்டிருக்கிறார்கள்.
வெயிலுக்கு நீலம் வெளுத்துவிடுமாம்.

நான் போனபோது பன்னிரண்டாகப் பத்து நிமிடம்.
பன்னிரண்டரைக்கு வா என்று
கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான் காவலாளி.
சட்டையில் குத்தியிருந்த பேரை எழுத்துக் கூட்டினேன்:
மூ த் தி யே ன்.
முத்தையனாக இருக்க வேண்டும்.
"தமிழா?" என்றேன்.
"தமூல்" என்றான், அதற்குமேல் பிரெஞ்சு.

முப்பத்தொரு வருடம்
தூத்துக்குடி அஞ்சலகத்தில்
தலைகள்மேல் முத்திரை குத்தியவள் நான்.
எச்சில் தொட்டு ஒட்டுகிற காகிதத்துக்கு
இத்தனை கோடியா என்று
டிக்கெட் வாங்கும்போதே மனசு ஆறவில்லை.

காலையில் பழைய இறங்குதுறைக்குப் போயிருந்தேன்.
கரும்புக்கு ஆள் இறக்கிய கல்படிகள்.
எண்ணிப் பாருங்கள் என்றாள் வழிகாட்டி.
நான் எண்ணவில்லை, முழங்கால் வலி.
உள்ளே கண்ணாடிக்குக் கீழே ஒரு பேரேடு
விரித்த வாக்கில் கிடந்தது.
எண், வயது, உயரம், எங்கே தழும்பு,
எல்லாம் துல்லியம்.
பேர் என்ற பத்தியில் மட்டும்
எழுதியவன் கைக்கு வந்தது.

சந்தை முனையில் மோட்டார் சைக்கிள்,
அதன் முதுகில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஆவி.
தோல் பூரி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள் ஓட்டலில்.
எதன் தோல் என்று கேட்டு மானம் போயிற்று.
பருப்பை வேகவைத்துப் பொடித்து
மாவுக்குள் ஒளித்துத் தேய்த்தது;
போளிக்கு உப்புப் போட்ட தங்கை.

வரிசையில் எனக்கு முன்னால்
கறுப்புக் கோட்டு வக்கீல்.
"என் பேர்" என்றார்.
காதைத் தீட்டிக்கொண்டேன்.
பேர் வரவில்லை.
காகிதத்தில் சுருட்டிய இரண்டு பூரி வந்தது.

அடுத்து, பள்ளிச் சீருடையில் ஒரு சீனப் பெண்.
"என் பேர்."
கிரீஸ் படிந்த தொப்பியோடு துறைமுகத்து ஆள்,
"என் பேர்."
ஒருவரும் சொல்லி முடிக்கவில்லை.
முடிக்கும்வரை யாரும் காத்திருக்கவுமில்லை.

என் முறை வந்தது.
"என் பேர் வடிவாம்பாள்" என்றேன்.

பின்னாலிருந்தவர் சிரித்து ஓய்ந்து ஆங்கிலத்தில் சொன்னார்:
இந்த ஊர்க் கிரியோலில் அது
ஒரு ஜோடி.

அந்தக் கல்படிக்கு மேலே
மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன்
எதைக் கேட்டானோ.

மீதியாக இருபத்தைந்து ரூபாய்த் தாள் கொடுத்தார் பூரிக்காரர்.
அதில் தமிழ்.
இருபத்தைந்து ரூபாய் என்று
வாய்விட்டே வாசித்துவிட்டேன்.
அவர் கரண்டியை நிறுத்தினார்.
தாளை வாங்கி, அந்த வரியில் விரல் வைத்து,
இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.
வாசித்தேன்.
"அப்போ சரியாத்தான் போட்டிருக்கான்" என்பது மாதிரி
பெட்டிக்காரப் பையனிடம் ஏதோ சொல்லிவிட்டு
கூடுதலாக ஒரு கரண்டி மிளகாய் வைத்தார்.
அதற்கு நான் என்ன பாவம் செய்தேன் தெரியவில்லை.

மொச்சைக் குழம்பு முழங்கைவரை வழிய
நின்றுகொண்டே தின்றேன்.
அப்புறம் ஆனாரசுத் துண்டு, புளியும் உப்பும் தடவியது.
அப்புறம்தான் மணி பார்த்தேன்.
பன்னிரண்டு முப்பத்தாறு.

ஓடினேன். அறுபத்திரண்டு வயதில்
புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
அயல்நாட்டு வீதியில் ஒரு தலைக்காக.

கைகளை நீட்டச் சொன்னான் மூத்தியேன்.
முன்னும் பின்னும் பார்த்துவிட்டு உள்ளே விட்டான்.

இருட்டறைக்குள் சின்ன வெளிச்சம்.
ஒன்று ஆரஞ்சு, ஒன்று நீலம்.
நகம் அளவு ராணி, பக்கவாட்டில்.
யாரும் குத்தாத தலை.
என் வலது கை தானாக உயர்ந்துவிட்டது.
தோள் வரைக்கும்.
முத்திரைக் கட்டை இல்லாத கை.

அவன் செருமினான்.
விளக்கு அணைந்தது.

வெளியே வரும்போது
ரவிக்கையில் தெறித்திருந்த மஞ்சளைப் பார்த்து
புருவம் தூக்கினான்:
"என் பேர்?"

எந்த மொழியில் கேட்டான் என்று தெரியவில்லை.
ஆமாம் என்றேன்.

படி இறங்கி வெயிலில் நின்றபோதுதான்
குடை ஞாபகம் வந்தது.
பூரிக்காரரிடம்.