அச்சிட்டவன் மட்டும்

முதல் ஆர்டர் வக்கீல் சங்கத்திலிருந்து வந்தது.
பத்துக்கு எட்டு, வாழ்த்து.
கையெழுத்தானதும் தடங்கம் கோர்ட் வாசலில் கட்ட.
உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்த நான்கு பேரில்
மூன்றாவது பெயர் அஞ்சலாட்சி.
பிறந்தது சின்னசேலம் பக்கம்.
தொண்ணூற்றாறில் தருமபுரியில் மாஜிஸ்திரேட்டாக
இரண்டரை வருடம் இருந்தார்.
அது போதும், "மண்ணின் மகள்"னு போடுங்க
என்றார் செயலாளர் தீர்த்தகிரி.
போட்டேன்.

கொஞ்சம் வெளுப்பா எடுங்க என்றார்.
எடுத்தேன்.
பின்னணியிலிருந்து முகத்தை வெட்டியெடுக்க
ஒரு மணி நேரம் ஆனது;
நரைத்த முடிக்கு ஓரம் சீக்கிரம் பிடிபடாது.

மற்ற மூவருக்கும் டெல்லியில் கையெழுத்தானது.
இவர் ஃபைல் மட்டும் நின்றது.
ஏன் என்று யாரும் சொல்லவில்லை,
அதனால் எல்லோரும் சொன்னார்கள்.
டீக்கடையில் ஏதோ சுரங்கத் தீர்ப்பு என்றார்கள்,
பஸ் ஸ்டாண்டில் சாதி.
தம்பி மகன் யாரோ கட்சி மேடையில் நிற்கும் போட்டோ
எனக்கே பதினோரு தடவை வந்தது.

எனக்கு நல்ல சீசன்.
"கையெழுத்துப் போடு" என்றது ஒரு கட்சி.
"திருப்பி அனுப்பு" என்றது இன்னொன்று.
இரண்டு சங்கங்கள் எங்கள் பெண் என்றன,
ஒன்று எங்கள் பெண் இல்லை என்பதைப்
பெரிய எழுத்தில் கேட்டது.
எல்லாவற்றுக்கும் நான் வெட்டிய அதே முகம்.
வெளுப்பைக் குறைத்து, புருவத்தை இரண்டு புள்ளி இறக்கினால்
வாழ்த்து கண்டனமாகிவிடும்.
நாலு ரோட்டில் ஒரு வாரம்
அவரையே அவர் எதிரில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்.
வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள்.
என் மச்சான் பாகப்பிரிவினைக் கேஸ்
பதினாலாவது வாய்தாவுக்குப் போனது.

ஒரு ராத்திரி பைக்கில் இருவர்.
வாசகம் தாளில் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.
கட்சிப் பேர் வேணாம், உங்க கடைப் பேரும் வேணாம்,
பணம் ரெண்டு மடங்கு.

தொண்ணூற்றாறில் நான் ஸ்கிரீன் பிரிண்டிங் வைத்திருந்தேன்.
அச்சகத்தின் பெயர் போடாத ஒரு சுவரொட்டி,
ஒரு கூட்டுறவுச் சங்கத் தலைவரின் மனைவியைப் பற்றி.
கூண்டில் நின்று
அம்மா, நான் அச்சிட்டவன் மட்டும்தான் என்றேன்.
எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்:
"அந்த மட்டும்-க்கு ஐந்நூறு ரூபாய்."

கரண்ட் பில் எட்டாயிரம் பாக்கி.
அடித்துக் கொடுத்தேன்,
கீழ் மூலையில் எறும்பு அளவில்
கடைப் பேரும் போன் நம்பரும் போட்டு.
வீரம் என்று நினைத்துவிட வேண்டாம்.
பணத்தை முன்னாடியே வாங்கியிருந்தேன்.

விடிந்ததிலிருந்து போன்.
பென்னாகரம், அரூர், ஒருமுறை மதுரை.
நீ யார்றா அந்தம்மாவைச் சொல்ல என்றார்கள்.
சிலர் சபாஷ் என்றார்கள், அதுதான் அதிகம் உறுத்தியது.
எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன்,
இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய அதே பதில்.
எத்தனை முறை என்று எண்ணவில்லை.
ஐந்நூறால் பெருக்கப் பயம்.

ஃபைல் நின்ற இடத்திலேயே நிற்க
அவருக்கு அறுபத்திரண்டு முடிந்தது.
ஓய்வு.
ஏழாம் பக்கத்தில் நான்கு வரி.

சங்கம் எடுத்துப் போகாத வாழ்த்து
மெஷினுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது.
பாலக்கோட்டுத் தக்காளி மண்டியிலிருந்து செங்கோடன் வந்தார்,
மழைக்கு லோடு மேல் போர்த்தப் பழைய ஃப்ளெக்ஸ் கேட்டு.
கொடுத்தேன்.
முகம் உள்பக்கம் போகிற மாதிரி கட்டிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் திரும்ப வந்தார்.
நல்லாத் தாங்குதுங்க, ஒரு சொட்டு இறங்கலே.
ஆனா வண்டி நீளம்.
இதே மாதிரி இன்னொரு ஜட்ஜு இருக்குதா?

அடுத்த பட்டியல் வரட்டும் என்றேன்.