ஒரு பிஸ்கட்

எங்களூரில் தொண்டையில் சாளைமுள் குத்தினால்
வரும் சத்தத்தில்
அங்கே காலை வணக்கம் சொல்கிறார்கள்.
கருங்கல் சந்தை இரைச்சலுக்கு மேலே, மாடியறையில்,
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
மூன்று மாதமாய்க் காறுகிறேன்.

தேர்வில் இதெல்லாம் வருமாம்.
முன்கூட்டி நாள் குறிக்காமல்
யார் வீட்டுக்கும் போகக் கூடாது.
பிறந்தநாள் என்றால்
பிறந்தவனை மட்டும் வாழ்த்தினால் போதாது,
அவன் அம்மாவை, மச்சினனை,
சும்மா கேக் தின்ன வந்தவனையும்.
அந்தத் தேதிகள் எழுதிய காலண்டர்
கக்கூஸ் சுவரில் தொங்கும்.
அங்கேயா, என்றேன் போனில்.
"அப்பந்தான் மறக்காதுல்லா" என்றான் ரெஜின்.
உத்ரெக்ட்டில் அப்போது மழை.

காபியோடு ஒரு பிஸ்கட்.
ஒன்றுதான். பிறகு டப்பாவை மூடிவிடுவார்கள்.
முகம் கோணக் கூடாது.

"எட்டி, சாளை அவியல் வச்சேன், மரச்சீனி கெடக்கா?"
செருப்பைக் கழற்றுமுன்பே குரல் உள்ளே வந்துவிட்டது.
ரோசிலி மைனி
கட்டிலில் கிடந்த பாடப்புத்தகத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.
கட்டஞ்சாயா போட்டேன்.
டப்பாவை நீட்டினேன்.
எடுத்தாள், முக்கினாள்,
மாமியாரைத் திட்டிக்கொண்டே
மறுபடியும் எடுத்தாள்.

அவள் படியிறங்கிய பிறகுதான் பார்த்தேன்,
டப்பாவின் மூடி
என் கையிலேயே இருந்திருக்கிறது.
ஆறு தின்றாள்.
யார் என்னை எண்ணச் சொன்னது?