பதினோராவது நிமிடம்

அந்தப் பிணம் நான்தான்.
முதல் பருவம், முதல் பகுதி, பதினோராவது நிமிடம்.
உஸ்த்கா கடற்கரையில், மார்ச் மாத விடியலில்,
ஒற்றைச் செருப்போடு மல்லாந்து கிடப்பவள்.

கூலி இருநூறு ஸ்லோட்டி,
ஒரு கிண்ணம் பீட்ரூட் சூப்.
வலது காதில் போன மணல்
ஈஸ்டர் வரை வெளியே வரவில்லை.
மூச்சு விடாதே என்றார்கள், விடவில்லை.
எதையும் நினைக்காதே என்றார் ஒருவர்,
முகத்தில் தெரிந்துவிடுமாம்.
தபால் நிலையத்தின் மாதக் கணக்கை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.
அது தெரியவில்லை போலும்.

கேமரா குனிந்த நேரம் பார்த்து
இடது இமையில் ஒரு துகள் பனி விழுந்தது.
நடந்தது அவ்வளவுதான்.

ஏழு வருடம் யார் கண்ணிலும் படவில்லை.
இதுவே கடைசிப் பருவம் என்று அறிவித்த வாரம்
எவனோ படத்தை நிறுத்தி, பின்னே ஓட்டி, மறுபடி நிறுத்திக்
கண்டுபிடித்தான்:
அவள் கண் சிமிட்டினாள்.

மருந்துக்கடை ஸ்வாவோமிர் சொல்கிறார்,
நாடியை அடக்கிவைக்கும் மருந்து ஒன்று உண்டாம்.
எத்தனை சொட்டு என்பதுவரை அவருக்குத் தெரிகிறது.
அவர் மனைவி இப்போது
தன் தேநீரைத் தானே போட்டுக்கொள்கிறாள்.

மீனுக்குப் புகை போடும் கொட்டகையில் இரண்டு கட்சி.
செத்தவள் வேறு, இவள் இரட்டைப் பிறவி.
இல்லை, கொன்றவரே ஆய்வாளர்தான்;
ஆறு பருவமாகத் தன்னையே தேடி அலைகிறார்.
ஒரே உப்புத்தொட்டியில்
அவர்கள் இப்போது சேர்ந்து கை நனைப்பதில்லை.

முப்பது வருடம் நிஜப் போலீஸில் இருந்த இரேனியுஷ்
'காற்றடித்தால் இமை ஆடும்' என்றார்.
நீர் முடிக்காத வழக்கு எத்தனை, என்று கேட்டு
அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

தபால்தலை வாங்க வருகிறவர்கள்
தலையைப் பார்ப்பதில்லை,
என் இமையைப் பார்க்கிறார்கள்.
பள்ளிக்கூடத்துப் பையன் டொப்ரோமிர்
கண்ணாடித் தடுப்பில் மூக்கை ஒட்டிவைத்துக் கேட்டான்,
'கடைசிப் பகுதியில் எழுந்து வருவீங்கதானே?'

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
என்னை யாரும் கூப்பிடவில்லை.
'ஒப்பந்தம் இருக்கு, பேசக்கூடாது' என்றேன்.
அந்த வாரம்தான்
நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக
முடிக்குச் சாயம் பூசிக்கொண்டேன்.

ராத்திரி படுத்தால் எனக்கும் ஒரு கேள்வி.
கொன்றது யார், கொன்றது யார் என்கிறார்களே,
செத்தது யார்?
தாளில் எனக்குப் பெயர் இல்லை,
'பெண் உடல்' என்று போட்டிருந்தது.
இன்னொரு செருப்பு எங்கே என்று அன்றைக்கே கேட்டேன்.
உடைகள் பார்த்துக்கொண்ட பெண் சிரித்தாள்:
ஒன்றுதான் கொண்டுவந்தோம்.

அதனால் நானே பெயர் வைத்தேன். லுட்மிவா.
ஒரு சைக்கிள் கொடுத்தேன்,
அடைக்காத கடன் ஒன்று,
பாதாம் தின்றால் தடிக்கும் உதடு.
இவ்வளவும் கொடுத்தபின்
அவளைக் கொல்ல
எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

கடைசிப் பகுதியன்று
தீயணைப்பு நிலையத்தில் திரை கட்டினார்கள்.
வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டார்கள்.
எனக்கு முன் வரிசை.
ஆய்வாளர் படகில் ஏறினார்,
வழக்குக் கோப்பைத் தாள் தாளாகத் தண்ணீரில் விட்டார்.
நடுவே ஒரே ஒருமுறை கடற்கரை வந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன், பழக்கம்.
பனி விழுவதற்குள் வெட்டிவிட்டார்கள்.
கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை.

விளக்கு போட்டதும்
நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின,
நான்தான் ஏமாற்றியதுபோல.

மறுநாள் காலை
வார்சாவுக்கு நாற்பத்தொரு கடிதங்கள்.
எல்லாம் கோபம், அழுத்தி எழுதிய முகவரி.
எல்லாவற்றிலும் முத்திரை குத்தினேன்.
டொப்ரோமிருடையது தடித்த உறை.
இமையை மட்டும் வரைந்திருக்கிறானாம்,
ஒவ்வொரு சட்டமாக, பன்னிரண்டு தாள்.
தராசில் வைத்தேன்.
'எடை கூடுதல். இன்னும் ஒரு தலை ஒட்டணும்.'

பையில் அவன் சில்லறை துழாவி முடிக்கும்வரை
இமைக்காமல் நின்றேன்.