அமைதிக்கும்

சேரிங் கிராஸிலிருந்து மேலேறினால்
யாரோ ஒரு மகாராஜா விட்டுப்போன மாளிகை.
அதன் பில்லியர்ட்ஸ் அறையில்
எனக்கு மேசை போட்டிருந்தார்கள்.
ஒரு தமிழ் ரெமிங்டன், கார்பன் தாள்கள்,
காலடியில் கரியடுப்பு.
சித்திரைக் கடைசி. வெளியே மலர்க்கண்காட்சிக் கூட்டம்.
உள்ளே இரண்டு நாடுகள்
ஒரு வாக்கியத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தன.

மழைக்கோட்டோடு வந்த தூரதேசத்தார் நல்லவர்கள்.
குந்தாவில் எங்கள் தண்ணீரை
விளக்காக்கிக் கொடுத்த ஊர்க்காரர்கள்.
இந்த முறை கொண்டுவந்தது
கண்ணாடித் தட்டில் நான்கு உருளைக்கிழங்கு.
"போன வருஷம் தோண்டியது.
ஒரு முளை இருக்கிறதா பாருங்கள்.
கதிர் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்."
அதிகாரிகள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள்,
கைக்குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல.

தேநீர் கொண்டுவந்த பெள்ளன் மட்டும்
ஒன்றை உருட்டிக் கண்ணைத் தேடினான்.
நஞ்சநாட்டில் அவனுக்கு ஒன்றரை ஏக்கர்.
மேட்டுப்பாளையம் மண்டியில் விலை விழுந்த வருஷம்
நாற்பது மூட்டையை ஓடையில் கொட்டியவன்.
"அழுகாதாக்கா?"
அழுகாதாம்.
"அப்ப பொழச்சோம்."
சாயங்காலம் தட்டில் மூன்றுதான் இருந்தது.
விசாரித்தார்கள்.
முதலிலிருந்தே மூன்று என்றேன்.

என் வேலை தமிழ் அறிக்கை.
ஆங்கிலத்தில் 'மட்டும்' என்றொரு சொல்
காலையில் இருந்தது,
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இல்லை.
எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்காமல் அடித்தேன்:
அணுவின் ஆற்றல் அமைதிக்கு.
குளிரோ, விரலின் பழக்கமோ,
கூடவே ஒரு 'ம்' விழுந்துவிட்டது.

செயலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"அமைதிக்கும் என்றால்,
வேறு எதற்கம்மா?"
எனக்கு எப்படித் தெரியும்?
பிளேடால் சுரண்டினேன், ஒவ்வொரு படியாக.
ஒரு மெய்யெழுத்து, அதன் தலையில் ஒரு புள்ளி.
ஆறாவது படிக்கு வருவதற்குள்
போட்டோ எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.
கை குலுக்கினார்கள். வர்க்கி தின்றார்கள்.
இறங்கும் கார்களின் விளக்கு
கொண்டைஊசி ஒவ்வொன்றிலும் திரும்பித் திரும்பி
ஏதோ மறந்துவிட்டதுபோல் எங்களைப் பார்த்தது.

பெள்ளன் அந்தக் கார்போகத்திலேயே
திருடிய கிழங்கை நட்டிருந்தான்.
வரிசையெல்லாம் பச்சை.
அது மட்டும் கண் திறக்கவில்லை.
ஆனியில் தோண்டினான்.
மேசைமேல் அழுகாதது
மண்ணுக்குள் அழுகித்தான் கிடந்தது,
முளைக்கத்தான் இல்லை.
"வித்துக்கு ஆகாது, விருந்துக்கு ஆகும்," என்று
கையைத் துடைத்துக்கொண்டான்.

அப்புறம் சில வருஷம் கழித்து ஒரு வைகாசி.
ரேடியோவில் பாலைவனம்.
'அமைதியான' என்றார் செய்தி வாசித்தவர்,
ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார்,
'வெடிப்பு' என்றார்.
லட்டு கொடுத்தார்கள் அலுவலகத்தில்.
நானும் தின்றேன், இரண்டு.
தூரதேசத்திலிருந்து
புத்தாண்டு வாழ்த்தட்டை வருவது நின்றது.
ஏமாற்றிவிட்டோம் என்றார்களாம்.
எழுதியபடிதானே நடந்தோம் என்றோம் நாங்கள்.
இரண்டு பேரும் காட்டியது
அதே பக்கம், அதே வரி.

பெள்ளனின் மனைவி மாதம்மாவுக்கு
அடிவயிற்றில் கட்டி.
கோயம்புத்தூரில் இருபத்தைந்து நாள்
கோபால்ட் சிகிச்சை.
இயந்திரத்தின் தகட்டில்
அவர்கள் நாட்டுப் பெயர் இருந்ததாம்.
கிழங்கின் கண்ணை மூடியதுதான்
அவள் கட்டியின் கண்ணையும் மூடியது.
இன்றைக்கும் குனிந்து கேரட் பிடுங்குகிறாள்,
என்னைவிட வேகமாக மேடேறுகிறாள்.
"யாரைக்கா திட்டறது?" என்கிறான் பெள்ளன்.

ஆறாவது படி என்னிடம்தான் இருக்கிறது,
பென்ஷன் காகிதங்களுக்கு அடியில்.
திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.
சுரண்டியாவது வைத்திருக்க வேண்டும்.
தப்பாக அடித்த கை என்று
அன்று வெட்கப்பட்டேன்;
இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.
ஆடி மழையில் அலமாரி நமுத்துவிடும்.
நீல எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாயும்.
அந்தப் புள்ளி மட்டும்
ஒவ்வொரு வருஷமும்
கொஞ்சம் வீங்கியிருக்கிறது.